லாரி நேரம் எழுதிவைக்கும் பெண்ணுக்கு என்ன படிப்பு?

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு,

மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, போன வாரம் அவளை என்னிடம் அழைத்துக்கொண்டு வந்தீர்கள். பிளஸ் டூ கணக்கில் 91. உங்கள் அண்ணன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பேசி வைத்துவிட்டார். நிர்வாக ஒதுக்கீட்டில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், நான்கு வருடத்துக்கும் சேர்த்து 9 லட்சம், திங்கட்கிழமைக்குள் முன்பணம். "இதை விட்டுட்டா அவ வாழ்க்கையே போயிடுமா சார்?" என்று கேட்கும்போது உங்கள் குரல் உடைந்துபோனது. போகாது என்றேன். அன்றைக்கு அதற்கு மேல் பேச முடியவில்லை. இப்போது விளக்கமாகவே சொல்கிறேன்: அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

முதலில் கடன் கணக்கு. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்தை அடமானம் கேட்கும். உங்களுக்கு இருப்பது மாமனார் விட்டுப்போன ஒன்றரை அறை வீடு ஒன்றுதான். 9 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 7 வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை 15,400 ரூபாய் வருகிறது. படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. உங்கள் கணவரின் சம்பளம் 18,000 என்றீர்கள். படிப்பு முடிந்து மகளுக்கு வேலை கிடைக்க ஒரு வருடம் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்? உங்கள் அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் யார் வந்து பேசினாலும் நான் இறங்கி வர மாட்டேன்.

நர்சிங், பி.காம்., சி.ஏ. பற்றியெல்லாம் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "அது ஒண்ணுமில்ல சார், சும்மா எதையாவது எழுதிட்டிருப்பா" என்றீர்கள். நான் வாங்கிப் பார்த்தேன். தண்ணீர் லாரி வர வேண்டிய நேரம், வந்த நேரம், வீட்டுக்கு எத்தனை குடம், தண்ணீரின் நிறம். நான்கு மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாள். பரீட்சை நாட்களிலும் எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லி அவள் இதைச் செய்யவில்லை.

அங்கேயே இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். வீட்டுக்கு 12 குடம், குடத்துக்குச் சுமார் 15 லிட்டர், வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 36 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 135 லிட்டர் வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டி அளவு. அவள் கொஞ்ச நேரம் அந்த இரண்டு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஊர் முழுக்க சராசரி எடுத்தா எங்க தெரு காணாமப் போயிடும்ல சார்?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

அம்மா, இதுவே ஒரு தொழில். ஒரு நகரம் எப்படி இருக்கிறது என்பதைச் சில எண்களால் அளப்பார்கள். அவற்றைக் குறிகாட்டிகள் என்கிறார்கள். எந்தத் தெருவில் குழாய் போடுவது, எங்கே பஸ் விடுவது, பணத்தை எந்த வார்டுக்கு ஒதுக்குவது என்று முடிவெடுக்கும்போது இந்த எண்கள் மேஜையில் இருக்க வேண்டும். அரசுத் தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று 2012இல் மத்திய அரசு ஒரு கொள்கையே கொண்டுவந்தது. அதற்கென்று இணையதளமும் நடக்கிறது. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்று குடிநீர் வாரியம் தினமும் போடுகிறது. மணலியிலும் ராயபுரத்திலும் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அந்த அளவுகளை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பிஎம் 2.5 என்கிற நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மணலியில் வருடத்தில் எத்தனை நாள் தாண்டியது என்று உங்கள் மகள் ஒரே மதியத்தில் எண்ணிவிடுவாள்.

எண்கள் கிடைத்தால் போதாது, அவற்றைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும். மத்திய அரசின் 2020 வாழ்வதற்கு எளிதான நகரங்கள் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் சென்னைக்கு நான்காவது இடம். அந்த நான்காவது இடத்துக்குள் கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒட்டி வாழ்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, திருவொற்றியூரும் மணலியும் உள்ளே வந்தன. இன்று 200 வார்டுகள். வார்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் வடசென்னை தெரியும். இன்னொன்று: வீட்டிலிருந்து 500 மீட்டர் நடைக்குள் பஸ் நிறுத்தம் இருக்கிறதா என்பது ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளில் உள்ள ஓர் அளவு. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமும், வரைபடத்தில் அளந்து குறிக்க உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இருந்தால், உங்கள் வார்டில் எந்தெந்தத் தெரு அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்று வரைந்தே காட்டலாம்.

சரி, இதற்கு என்ன படிக்க வேண்டும்? பி.எஸ்சி. புள்ளியியல். மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாம், ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்தான். அரசு உதவிபெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். பட்டத்தின் பெயரில் டேட்டா சயின்ஸ் என்று எழுதியிருக்கவில்லையே என்று உங்கள் அண்ணன் கேட்பார். அந்த டேட்டா சயின்ஸுக்கு அடித்தளமே புள்ளியியல்தான். பைத்தான், ஆர் (R) என்கிற கணினி மொழிகளை அவள் கூடவே கற்றுக்கொள்ளலாம்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். சாஃப்ட்வேர் கம்பெனிகள் போலக் கூட்டமாக ஆள் எடுக்கும் துறை இல்லை இது. ஆராய்ச்சி நிறுவனங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் தொடக்கச் சம்பளம் குறைவு. ஆனால் புள்ளியியல் பட்டத்துக்கென்றே அரசுக் கதவுகள் இருக்கின்றன. டிஎன்பிஎஸ்சி வழியாகப் புள்ளியியல் சார்நிலைப் பணி, மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி வழியாக இளநிலைப் புள்ளியியல் அதிகாரி, யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணி. கடைசியாகச் சொன்னதற்கு 21 வயது ஆனதும் எழுதலாம். 2011க்குப் பிறகு தள்ளிப்போன மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். பழைய எண்களை வைத்தே இத்தனை வருடம் ஓட்டியாகிவிட்டது. புதிய எண்கள் வந்தால் படித்துச் சொல்ல ஆள் தேவைப்படும்.

நீங்கள் கிளம்பும்போது அவள் என்னிடம் தனியாக ஒன்று சொன்னாள்: "மாமாவை எதிர்த்துப் பேசினா அம்மாதான் திட்டு வாங்கும், அதான் சரின்னுட்டேன்." அந்தச் சரியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்பதை அந்த நோட்டு நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருப்பேன். அண்ணனையும் அழைத்து வாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன். நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். போன வாரத்து லாரி நேரத்தை அவள் இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை.