ஐந்து இரவுகளாவது இருங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஜூலை மாத மழையில் உங்கள் கல்லூரித் தோழியுடன் அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் தீவுக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். படித்த அன்றே என் தோழிக்குப் போன் செய்தேன். நாங்கள் 1983-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு வருடமும் ஒரே குடையில்தான் போய்வந்தோம். அவள் தினமும் குடையை மறந்துவிட்டு வருவாள். இப்போது கோவையில் இருக்கிறாள். போன வருடம் அவள் கணவர் தவறிவிட்டார்.

மே மாதத்தோடு எங்கள் இருவருக்கும் பணி ஓய்வு. ஜூலையில் அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். நான்கு நாள் பேக்கேஜ், ஹேவ்லாக்கில் இரண்டு இரவு. "மழைக்காலத்தில் யாராவது தீவுக்குப் போவார்களா, காசுக்குப் பிடித்த கேடு" என்கிறார்கள் வீட்டில். என் பயம் வேறு. போனில் நாலு நிமிடம் பேசியதும் "அப்புறம்?" என்கிறாள். "அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்" என்கிறேன். அதோடு நின்றுவிடுகிறது. நாலு நாளும் என்ன பேசப்போகிறோம் என்று நினைத்தால் கலக்கமாக இருக்கிறது. இரண்டு இரவில் எதையெல்லாம் விடாமல் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், மதுரை.

*

அன்புள்ள தோழிக்கு,

வீட்டில் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் பயப்படுவது நியாயம்தான். அந்தமானில் வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மதுரை மழையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தில், அங்கே இறங்கிவிடும். ஆனால் நாங்கள் இருந்த நாட்களில் அது விடாமல் கொட்டவில்லை. ஒரு மணி நேரம் எதிரே இருக்கும் தென்னை தெரியாதபடி அடிக்கும். பிறகு வெறித்து, சுள்ளென்று வெயில் வரும். துவைத்த துணி மட்டும் காயவே காயாது.

காசுக்குக் கேடு என்பது சரியல்ல. சீசனில் சொல்லும் வாடகையில் பாதிக்கு எங்களுக்கு அறை கிடைத்தது, கடலைப் பார்த்த திண்ணையோடு.

நாங்கள் போனது 2019-இல். ஹேவ்லாக்கின் பெயரை அதற்கு முந்தைய டிசம்பரில்தான் சுவராஜ் தீவு என்று மாற்றியிருந்தார்கள். படகுத்துறையில் எல்லோரும் ஹேவ்லாக் என்றேதான் சொன்னார்கள். அதேபோல உங்கள் டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது விமானம் இறங்கும் போர்ட் பிளேர்தான், 2024-இல் மாற்றினார்கள்.

இனி உங்கள் கேள்வி. இரண்டு இரவில் எதைப் பார்ப்பது என்று கேட்கிறீர்கள். இரண்டு இரவுக்காகப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஐந்து இரவுகளாவது இருங்கள். அந்த பேக்கேஜை ரத்து செய்துவிட்டு, விமானத்தையும் அறையையும் நீங்களே தனித்தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு, அந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தோழியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் திட்டம் ஹேவ்லாக்கில் மூன்று இரவு, போர்ட் பிளேரில் இரண்டு. முதல் இரண்டு நாளும் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பாளையங்கோட்டை விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். மெஸ் உப்புமா, தாமிரபரணிக் குளியல், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் பேசினோம். இரண்டாம் நாள் ராத்திரி மீன்குழம்பு சாதம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது என் தோழியும் உங்கள் தோழியைப்போலவே "அப்புறம்?" என்றாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்பது வருடச் சரக்கு இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது.

மூன்று இரவோடு கிளம்பியிருந்தால் அந்த "அப்புறம்?" உடனேயே ஊர் திரும்பியிருப்போம். நல்ல பயணம் என்றுதான் நினைத்திருப்போம். ஆனால் கிளம்ப வேண்டிய காலையில் காற்று பலமாகிப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். மறுநாளும் இல்லை. போர்ட் பிளேருக்கு வைத்திருந்த இரண்டு நாளும் ஹேவ்லாக்கிலேயே போயின. செல்லுலார் சிறையைப் பார்க்காமல் திரும்பிய வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அந்தத் தீவின் மாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. மதுரையில் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே மறைந்துவிடும். ஜூலையில் ஆறேகாலுக்கெல்லாம் கும்மிருட்டு. அதிலிருந்து தூங்கும்வரை நான்கு மணி நேரம். கடைகள் பாதி மூடிக்கிடக்கும். எங்கள் நாட்களில் இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான், பெயருக்கு இருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் கேபிள் வந்து, ஹேவ்லாக்கையும் இணைத்துவிட்டது. தீவில் இருப்பவர்களுக்கு அது பெரிய வரம். உங்களுக்கு அந்த நான்கு மணி நேரமும் வேண்டும் என்பதால், இருட்டியதும் இரண்டு போனையும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

நான்காம் நாள் மாலை மின்சாரம் போய்விட்டது. விடுதியில் சமைக்கிற பையன் மெழுகுவர்த்தி கொண்டுவந்தான். தமிழ்ப் பையன், தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து போர்ட் பிளேருக்குப் போன குடும்பம். அவனிடம் நான் எங்கள் விடுதிக் கதையைச் சொன்னேன். 1980-இல் இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குச் சுவர் ஏறிக் குதித்துப் போய், திரும்பும்போது வார்டனிடம் மாட்டிக்கொண்டதை. இவள் வார்டனின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுததை எப்போதும்போல நடித்துக் காட்டினேன். பையன் சிரித்தான்.

அவன் போனதும் அவள் கேட்டாள். "அன்னைக்கு நான் எதுக்கு அழுதேன்னு உனக்குத் தெரியுமாடி?"

பயத்தில் என்றேன்.

வார்டன் அவள் அப்பாவுக்குக் கடிதம் எழுதினாராம். அப்பா திட்டவே இல்லை. டிகிரி முடிந்ததும் எம்.எஸ்.சி. விண்ணப்பத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் கல்யாணம், நாக்பூர். எங்கள் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் அவள்தான். கடிதம் போனால் என்ன ஆகும் என்பது அந்த ராத்திரியே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் முந்தானையைப் பிடித்திருக்கிறாள். சினிமாவுக்குப் போகலாம் என்று கூப்பிட்டவள் நான்.

"உன்மேல கோபமெல்லாம் இல்லை. நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்போது எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தி அணையாமல் டம்ளரை நகர்த்தி வைத்தாள். அதற்குப் பிறகு நான் கேட்டேன், அவள் சொன்னாள். நாக்பூரில் முதல் வருடம், இந்தி தெரியாமல் கடைக்குப் போனது, மாமியாருக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது, பிறகு இருபது வருடம் டியூஷன் நடத்தியது. இதில் ஒன்றையும் நான் அதுவரை கேட்டதில்லை. விடுதிக் கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்லி, அதுதான் நெருக்கம் என்று நினைத்திருந்தேன்.

எனவே "அப்புறம்?" என்று பேச்சு நிற்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்த இடத்தைத் தாண்டி நாட்கள் மீதி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கவும் ஓடவும் நிறைய இருக்கிற சீசனில் அந்த நாட்கள் கிடைக்காது. உங்கள் தோழி கணவரை இழந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அதைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். அவர் எடுத்தால் ஆறுதல் சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது. ஜூலையில் அலை முழுக்க அங்கேதான் வந்து மோதும். உயர்ந்த மரங்களுக்கு அடியில் உட்கார்ந்து பாருங்கள், தண்ணீரில் இறங்க வேண்டாம். அலை மட்டுமல்ல, 2010-இல் அந்தப் பக்கம் கடலில் இறங்கிய ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை மதியுங்கள். தங்குவதற்குக் கிழக்குக் கரை நல்லது, மூன்றாம் நம்பர் அல்லது ஐந்தாம் நம்பர் கடற்கரை (அங்கே இடங்களை எண்ணாலும் சொல்வார்கள்). தென்மேற்குக் காற்றுக்கு அது மறைவு. நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும், கணுக்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நடக்கலாம். சங்குகளை மட்டும் எடுக்காதீர்கள். சட்டப்படியும் கூடாது, பல சங்குகளுக்குள் நண்டு குடியிருக்கும். மூன்றாம் நம்பர் கடைத்தெருவில் சாப்பிடுங்கள். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தீவு அது, மீன் சமைக்கத் தெரிந்த கைகள்.

முக்கியமானது ஒன்று. விமானத்துக்கு முந்தைய இரவு, முடிந்தால் இரண்டு இரவு, போர்ட் பிளேரில் இருப்பதுபோலத் திட்டமிடுங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த இரண்டு நாள்தான். படகு ஏறுவதற்கு அரை மணி முன்பே வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். கையில் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

குடை அங்கே உதவாது, காற்று திருப்பிவிடும். மழைக்கோட்டாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோழி குடையை மறக்கிறவர் என்று எழுதியிருந்தீர்கள். அது 1983-இல் இருந்தவர். இப்போது எப்படியோ, போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா