ஒரே நிரல், வேறு சிப்: சேலம் வாசகர்களின் கேள்விகள்

சூரமங்கலம், கல்லூரி மாணவர்: லேப்டாப் பைனரியிலிருந்து (கம்பைல் செய்த நிரல் கோப்பு) எம்டி5 (தரவுக்குக் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிடும் முறை) ஃபங்ஷனின் பைட்டுகளை எடுத்து ரூட்டர் ஃபர்ம்வேரில் (ரூட்டருக்குள் பதிந்த மென்பொருள்) தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. ரூட்டரில் எம்டி5 இல்லையா?

இருக்கலாம். முதலில் பின்வாக் என்ற டூலைப் போட்டு ஃபர்ம்வேரைப் பிரித்தீர்களா? உள்ளே இருப்பது பெரும்பாலும் சுருக்கிய ஃபைல் சிஸ்டம். பிரித்த பிறகும் பைட்டுகள் பொருந்தாது, சிப் வேறு என்றால் கட்டளைகளும் வேறு. எம்டி5-இன் தொடக்க எண்களில் ஒன்று ஹெக்ஸில் (16 அடிமான எண்முறை) 67452301. லேப்டாப்களில் பரவலான எக்ஸ்86 சிப்பில் அது பைட் வரிசை தலைகீழாகி 01 23 45 67 என்று சேர்ந்தே கிடக்கும். பல ரூட்டர்களில் உள்ள மிப்ஸ் சிப்பில் ஒரு கட்டளையே 32 பிட்தான். அதற்குள் 32 பிட் எண் எப்படி அடங்கும்? அதனால் ஒரு கட்டளை 6745-ஐ ஏற்றும், இன்னொன்று 2301-ஐச் சேர்க்கும். நடுவில் கம்பைலர் (மூல நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் டூல்) சம்பந்தமில்லாத கட்டளையைச் செருகியும் வைக்கும். அசெம்பிளியில் (கட்டளைகளை எழுத்தாகக் காட்டும் வடிவம்) இந்த இரண்டு பாதிகளையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

ஏற்காடு, காபி எஸ்டேட் ஊழியர்: ஆபீஸ் ரூட்டரில் உள்ள ஒரு ஃபங்ஷன், ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை உள்ள ஃபங்ஷனை அப்படியே ஒத்திருப்பதாக, ஃபங்ஷன்களை ஒப்பிடும் டூல் காட்டுகிறது. கழற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இந்த ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் இருந்தது. ஓட்டையுள்ள 1.0.1எஃப், 2014-இல் திருத்தி வந்த 1.0.1ஜி, இரண்டிலும் அந்த ஃபங்ஷன் கிட்டத்தட்ட ஒன்றுதான். திருத்தம் சில வரிகள்தான், டூல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. நீங்கள்தான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். வந்த செய்தியின் நீளம் 1+2+16 (வகை, நீளம், நிரப்பல்), அதாவது 19 பைட்டுக்குக் குறைவா என்ற சோதனை இருக்கிறதா? கம்பைலர் அதை '18 வரையா' என்று மாற்றியிருக்கலாம், 18-ஐக் கண்டாலும் அதே சோதனைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அனுப்பியவர் சொன்ன நீளத்தையும் கூட்டி ஒப்பிடும் இரண்டாவது சோதனை வேண்டும். இரண்டும் இருந்தால் இந்த ஓட்டை அடைபட்டது. பதிப்பு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அப்டேட் வருவது நின்றுபோன ரூட்டர் என்றால், சோதனை தேறினாலும் மாற்றிவிடுங்கள்.

ஓமலூர் வாசகர்: இப்படி ஃபங்ஷன்களை ஒப்பிட, இலவசமாக எதில் தொடங்கலாம்?

கீட்ரா. பைனரியைப் பிரித்துப் படிக்க உதவும் டூல், அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019-இல் வெளியிட்டது. பல வகைச் சிப்களின் கட்டளைகளைப் பி-கோட் என்ற பொது வடிவத்துக்கு மாற்றிவிடும். 11.0 பதிப்பிலிருந்து ஒத்த ஃபங்ஷன்களைக் கண்டுபிடிக்கும் பிசிம் என்ற தேடலும் கூடவே வருகிறது. நாலைந்து கட்டளை கொண்ட குட்டி ஃபங்ஷன்களைத் தேடாதீர்கள், எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். மூல நிரல் கையில் இருந்தால் அதை மிப்ஸுக்கே கிராஸ் கம்பைல் (உங்கள் கணினியிலேயே வேறு சிப்புக்காகக் கம்பைல்) செய்து ஒப்பிடுங்கள். பாதி வேலை மிச்சம்.