துப்பாக்கி வேண்டாம், பதற்றம் வேண்டும்

கேள்வி: நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். கல்லூரி நாட்களில் தம்பியோடு சேர்ந்து சுடுகிற கேம்கள்தான் ஆடுவேன், நன்றாகவே ஆடுவேன். இப்போது ஷிஃப்ட் முடிந்து வந்து திரையிலும் ரத்தத்தைப் பார்க்க மனசு வரவில்லை. தோழி சொன்னாள் என்று ஒரு விவசாய கேம் வாங்கினேன். இரண்டு வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும் அலுத்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பதற்றம் வேண்டும், மூளைக்கு வேலை வேண்டும். 'கொல்லாத கேம் என்றால் தூங்க வைக்கிற கேம்தான்' என்று தம்பி கேலி செய்கிறான். சின்னக் குழுக்கள் செய்யும் இண்டி கேம்களில் எனக்கு ஏற்றது ஏதாவது இருக்கிறதா? என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. சண்டை இல்லாத கேம் என்று தேடிப் பாருங்கள். வெளிர்நிறத் தோட்டம், பூனை, மழைச் சத்தம் என்றுதான் முதல் பக்கம் முழுக்க வரும். அவற்றுக்கும் ரசிகர்கள் உண்டு. உங்களுக்கு அது சரிப்படாது என்பதைக் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். சாந்தமான கேம் என்ற பக்கமே இனி போகாதீர்கள்.

ஒரு கேமை எடைபோட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆடுகிற நேரமெல்லாம் கை என்ன வேலை செய்கிறது? சுடுகிறதா, தேடுகிறதா, அடுக்குகிறதா, முத்திரை குத்துகிறதா? கதை எப்படி இருந்தாலும், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பத்து மணி நேரம் நீங்கள் செய்யப்போவது அந்த ஒரு வேலையைத்தான். அது பிடித்துவிட்டால் பதற்றம் தானாக வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். விவசாய கேம் என்றாலே சாந்தம் என்று எண்ணுகிறார்கள். 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி, எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை ஆண்டு உட்கார்ந்து செய்தது. அதிலும் சுரங்கத்துக்குள் இறங்கினால் கையில் வாளைக் கொடுத்துவிடுவார்கள்!

உங்களுக்கு நான் முதலில் சொல்வது அவுட்டர் வைல்ட்ஸ். (இதே போல் பெயருள்ள 'அவுட்டர் வேர்ல்ட்ஸ்' வேறு, அதில் துப்பாக்கிதான் பிரதானம். அவசரத்தில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.) தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் மாணவராக இருந்தபோது செய்த திட்டமாகத் தொடங்கி, மோபியஸ் டிஜிட்டல் குழுவின் கையில் வளர்ந்து, 2019இல் வெளிவந்தது. நீங்கள் ஒரு விண்வெளிப் பயணி. கையில் ஆயுதம் கிடையாது. தொலைதூர ஒலிகளைப் பிடிக்கும் ஒரு கருவி, படம் எடுத்து அனுப்பும் ஒரு குட்டி உளவுக்கலம், அழிந்துபோன ஓர் இனத்தின் எழுத்தைப் படித்துச் சொல்லும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். எல்லாம் அழியும். மறுபடி அதே கூடாரத் தீயின் அருகே கண் விழிப்பீர்கள். முந்தைய சுற்றிலிருந்து உங்களோடு வருவது தெரிந்துகொண்ட செய்தி மட்டும்தான். சாமான் சேராது, வலிமை கூடாது.

அந்த 22 நிமிடம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன். சூரியனுக்குப் பக்கத்தில் இரண்டு கிரகங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்றிலிருந்து மணல் பெரிய தூணாக எழும்பி மற்றதில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மணல் விழுகிற கிரகத்தின் குகைக்குள் நீங்கள் நுழைந்தால், நேரம் ஆக ஆகத் தரை உயரும், தலைக்கு மேல் இடம் குறையும். வந்த வழி அடைபடுவதற்குள் சுவரில் உள்ளதைப் படித்துவிட வேண்டும். அதே நேரத்தில் பக்கத்துக் கிரகத்தில் மணல் வடிய வடியப் புதைந்து கிடந்த கோபுரங்கள் மெல்ல வெளியே வருகின்றன. எங்கே போவது என்பதோடு எந்த நிமிடத்தில் போவது என்பதும் புதிர். நீங்கள் யாரையும் கொல்ல மாட்டீர்கள். நீங்கள் மட்டும் பல தடவை சாவீர்கள், அதுவும் பெரும்பாலும் உங்கள் அசட்டுத் துணிச்சலால். கொஞ்சம் கனமான முப்பரிமாண கேம் இது. பழைய லேப்டாப் திணறினால் தம்பியிடம் கேம் கன்சோல் இருக்கிறதா பாருங்கள், அவற்றிலும் கிடைக்கிறது. 2021இல் வந்த அதன் கூடுதல் பகுதி இருட்டும் திகிலும் நிறைந்தது. பயத்தைக் குறைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது; கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பைத் தொல்லை செய்யாமல் உங்களைத் தொல்லை செய்ய ஒன்று வேண்டுமென்றால் பேப்பர்ஸ், ப்ளீஸ். லூகஸ் போப் 2013இல் தனியாளாகச் செய்தது, ஃபோனிலும் உண்டு. ஆர்ஸ்டாட்ஸ்கா என்ற கற்பனை நாடு, ஆண்டு 1982. நீங்கள் எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சரிபார்க்கும் ஊழியர். தேதி, முத்திரை, உயரம், எடை, வழங்கிய நகரம் எல்லாம் பொருந்துகிறதா பார்த்து அனுமதிக்கலாம், அல்லது திருப்பி அனுப்பலாம். ஒவ்வொரு நாளும் ஒரு புதிய விதி வந்து சேரும். தலைக்கு இவ்வளவு என்று கூலி. தப்பு செய்தால் முதல் இரண்டுக்கு எச்சரிக்கைச் சீட்டு, மூன்றிலிருந்து அபராதம். மாலையில் வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம் என்று வீட்டுக் கணக்கு.

ஒரு நாள் ஓர் ஆள் வருவார், காகிதங்கள் எல்லாம் சரி. 'அடுத்து என் மனைவி வருகிறாள், தயவு செய்து கருணை காட்டுங்கள்' என்பார். அந்தப் பெண்ணிடம் அனுமதிச் சீட்டு இருக்காது. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று அழுவாள். உங்கள் மேசையில் இரண்டு முத்திரைகள், பின்னால் நீண்ட வரிசை, ஓடும் கடிகாரம். இதற்கு மேலான பதற்றத்தை எந்தத் துப்பாக்கி கேமிலும் நான் கண்டதில்லை. ஆனால் ஷிஃப்டில் நாள் முழுக்கப் படிவமும் கையெழுத்துமாக இருந்துவிட்டு வருபவருக்கு இது இன்னொரு ஷிஃப்ட் போலத் தோன்றலாம். மேலும், பின்பாதியில் ஓரிரு இடங்களில் சாவடிக்குத் துப்பாக்கி வந்து சேரும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அதே போப்பின் அடுத்த கேம் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 2018இல் வந்தது; துப்பறியும் கேம்களில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு இல்லை. 1807. காணாமல் போன கப்பல் ஒன்று தானாகத் துறைமுகம் வந்து சேர்கிறது. அதில் இருந்த 60 பேரும் என்ன ஆனார்கள் என்று கணக்கெடுக்க வருகிற காப்பீட்டு ஆய்வாளர் நீங்கள். ஒரு பிணத்தருகே நின்று சட்டைப்பைக் கடிகாரத்தைத் திறந்தால், அவர் செத்த கணத்துக்கு முந்தைய சில நொடிப் பேச்சு கேட்கும். பிறகு அந்தக் கணம் உறைந்து நிற்கும், நீங்கள் சுற்றி நடந்து பார்க்கலாம். இவர் யார், எப்படிச் செத்தார், யார் கையால்? படுக்கைத் தூளியில் எழுதிய எண், பேச்சின் உச்சரிப்பு, காலில் போட்டிருக்கும் செருப்பு என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு பெயர்களை நிரப்ப வேண்டும். மூன்று பேருடைய முடிவு சரியாக அமைந்தால்தான் கேம் 'ஆம்' என்று சொல்லும். நடுவில் ஊகித்துத் தப்பிக்க முடியாது.

இங்கேதான் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொலை செய்யாத கேம் என்றால் சாவே இல்லாத கேம் என்று அர்த்தம் இல்லை. ஓப்ரா டின்னில் நீங்கள் யாரையும் தொடமாட்டீர்கள், ஆனால் பார்ப்பது முழுக்க மரணக் காட்சி. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆன படம் என்பதால் ரத்தம் சிவப்பாகத் தெரியாது. துண்டான உடல் தெரியும். உங்களுக்குச் சலித்துப்போனது சுடுவதா, உடலைப் பார்ப்பதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். உடலைப் பார்ப்பதுதான் என்றால் இதைத் தள்ளிவையுங்கள்.

அதைவிட முக்கியமாக, யார் எவ்வளவு பரிந்துரைத்தாலும் ஸ்பிரிட்ஃபேரரை யோசிக்காமல் வாங்காதீர்கள். 2020இல் மான்ட்ரியலின் தண்டர் லோட்டஸ் குழு வெளியிட்டது. இறந்தவர்களைப் படகில் ஏற்றி, கவனித்து, கட்டிப்பிடித்து (அதற்கென்றே ஒரு செயல் இருக்கிறது), கடைசி வாசலில் விடைகொடுக்கும் கேம். அருமையான கேம்தான். ஆனால் அதில் ஆலிஸ் என்று ஒரு பாட்டி வருகிறாள். துறுதுறுவென்று இருப்பவள், நாள் போகப் போக உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள், பிறகு உங்களைத் தன் மகள் என்று நினைத்துப் பேசுவாள். இது உங்கள் வேலைக்கு மிக மிக அருகில் வருகிற கதை. எவ்வளவு அருகில் என்பதை முடிவில்தான் சொல்வார்கள். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு அது வீட்டிலும் வார்டு. லீவில் இருக்கும்போது, மனசு திடமாக இருக்கும்போது பாருங்கள். வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச் என்ற 2017ஆம் ஆண்டு கேமுக்கும் இதே சொல். அதில் குழந்தைகளின் மரணமும் உண்டு.

சரி, சாவே வேண்டாம், மூளைக்கு வேலை மட்டும் போதும் என்றால் பாபா இஸ் யூ. பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்காரி ஒரு கேம் ஜாமில் (குறுகிய நேரத்தில் கேம் செய்து காட்டும் கூட்டம்) தொடங்கி 2019இல் முழுதாக வெளியிட்டார். விதிகளே கட்டைகளாகக் களத்தில் கிடக்கும். 'வால் இஸ் ஸ்டாப்' (சுவர் என்றால் தடை) என்று மூன்று கட்டைகள் வரிசையாக இருக்கும்வரை சுவர் உங்களைத் தடுக்கும். ஒரு கட்டையைத் தள்ளி வரிசையைக் கலைத்தால் சுவருக்குள் நடந்து போகலாம். நீங்கள் நடத்தும் குட்டிப் பிராணியின் பெயர் பாபா. 'பாபா இஸ் யூ' என்ற வரிசையில் 'பாபா' என்ற கட்டையை எடுத்துவிட்டு 'வால்' என்பதை வைத்தால் சுவரே நீங்கள். முதல் பத்து நிலைகள் சிரிப்பு, அதன் பிறகு தூக்கம் போகும். இரவு ஷிஃப்டுக்கு முந்தைய நாள் தொடாதீர்கள்.

சான்ட்ஸ் ஆஃப் செனார், பிரான்சின் ரன்டிஸ்க் குழு 2023இல் வெளியிட்டது. கோபுரம் ஒன்றில் தளத்துக்குத் தளம் வேறு மொழி. கல்வெட்டையும் ஆட்களின் சைகையையும் பார்த்து எழுத்துகளுக்குப் பொருள் ஊகித்து நோட்டில் குறிக்க வேண்டும். காவலாளி கண்ணில் படாமல் நழுவுகிற கட்டங்கள் சில உண்டு. பிடிபட்டால் கொஞ்சம் பின்னால் போவீர்கள். எனக்கு அவை தேவையில்லாத இடைச்செருகலாகவே பட்டன. மற்றபடி, ஒரு வாக்கியம் சட்டென்று புரிகிற கணம் இருக்கிறதே, அதற்காகவே ஆடலாம்.

தூங்கும் முன் கால் மணி நேரம் என்றால் மினி மெட்ரோ. கோடு இழுத்து நிலையங்களை இணைக்க வேண்டும். ஒரு நிலையத்தில் கூட்டம் வழிந்தால் ஆட்டம் முடிந்தது. வட்டமும் முக்கோணமும்தான் படம். ஆனாலும் கை வியர்க்கும்.

கதைக்காக இரண்டு சொல்கிறேன், பதற்றம் எதிர்பார்க்காதீர்கள். அன்பேக்கிங், ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் குழு, 2021. 1997 முதல் ஒரு பெண் வீடு மாறும்போதெல்லாம் பெட்டியைப் பிரித்துச் சாமானை அடுக்குவீர்கள். வசனம் கிடையாது. 2010இல் காதலன் வீட்டுக்குக் குடிபோகிறாள். அவள் பட்டச் சான்றிதழை மாட்ட எந்தச் சுவரிலும் இடம் இருக்காது. எங்கெங்கோ வைத்துப் பார்த்து, கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளுவீர்கள். அந்தக் காதல் எப்படிப் போகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று வெண்பா, டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தம்பதியும் அவர்கள் மகனும்தான் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்த வரிகளை ஊகித்து நிரப்புவதுதான் புதிர். புதிராக உங்களுக்கு ரொம்ப எளிது. கதைக்காக ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்கள்.

தம்பிக்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம், அண்டர்டேலைக் கொடுங்கள். டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்டது. எதிரி வந்தால் அடிக்கலாம், அல்லது பேசி, விளையாடி, சமாதானப்படுத்தி விட்டுவிடலாம். யாரையும் கொல்லாமல் ஆட்டத்தை முடிக்க முடியும், அதுதான் கடினமும் கூட. கொன்றால்தான் வலிமை ஏறும். கொல்லாதவர் கடைசிவரை முதல் நிலையிலேயே, 20 உயிர்ப்புள்ளியோடு, மழையாக வரும் தாக்குதலை விலகி விலகித் தப்பிக்க வேண்டும். ஆரம்பத்தில் தாய் போல அரவணைக்கும் ஒரு பாத்திரம் வழியை மறிப்பாள். பலரும் வேறு வழி தெரியாமல் அவளைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேமிப்பிலிருந்து மறுபடி ஆடி அவளைக் காப்பாற்றுவார்கள். கேம் அதை மறக்காது, 'முன்பு நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும்' என்ற தோரணையில் சொல்லிக்காட்டும். இருவரும் சேர்ந்து ஆட வேண்டுமானால் அன்டைட்டில்ட் கூஸ் கேம். அட்டகாசம் செய்கிற வாத்தாக ஊரைப் படுத்தலாம். 2020 முதல் இரண்டு வாத்தாகவும் ஆடலாம்.

இனி நீங்களே தேடும்போது, ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் போடும் குறிச்சொற்களை முழுசாக நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆடுபவர்களே ஒட்டுவது. விளம்பர வீடியோவை விட்டுவிட்டு, யாராவது ஆடிய பதிவில் நடுவிலிருந்து பத்து நிமிடம் சத்தம் இல்லாமல் பாருங்கள். கை என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி, குழந்தை மரணம் போன்றவை வருகின்றனவா என்று முன்கூட்டி அறிய 'டஸ் தி டாக் டை' என்ற தளத்தில் கேம் பெயரைப் போடுங்கள். ஆடியவர்களே பதிந்திருப்பார்கள். அவுட்டர் வைல்ட்ஸுக்கு மட்டும் வீடியோவும் வேண்டாம், விமர்சனமும் வேண்டாம். அதில் தெரிந்துகொள்வதுதான் ஆட்டமே.

ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிடிக்குமோ என்று தயங்காமல் முயன்று பாருங்கள். ஆனால் மலையேறும் குருவிப் பெண்ணின் கதையான எ ஷார்ட் ஹைக் மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும் சின்ன கேம்களை முழுசாக ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் ஒரே ஆள் செய்தது.