காதிஸில் எட்டு மணி நேரம்: செவில்லாவுக்குப் போகலாமா?

திங்கட்கிழமை காலை 9 முதல் மாலை 5 வரை உல்லாசக் கப்பல் ஸ்பெயினின் துறைமுக நகரமான காதிஸில் நிற்கும், அம்மாவுக்கு முட்டிவலி, செவில்லா போய் வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ரயிலில் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பும்போது தாமதமானால் கப்பல் காத்திருக்காது. காதிஸின் பழைய நகரமோ துறைமுகத்தை ஒட்டியே தொடங்குகிறது, பெரும்பாலும் சமதரை.

திங்களன்று அருங்காட்சியகம் மூடியிருக்கும். 1887, 1980 ஆண்டுகளில் கிடைத்த பினீசியர்களின் (பழங்காலக் கடல் வணிகர்கள்) கல் சவப்பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. அது உண்மையிலேயே இழப்பு.

1717இல், அமெரிக்கக் கண்டத்தில் இருந்த தன் குடியேற்றங்களுடன் ஸ்பெயின் செய்த வணிகத்தை நிர்வகித்த அலுவலகம் செவில்லாவிலிருந்து இங்கே மாறியது. பணம் கொட்டியது. தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்க்க வணிகர்கள் மொட்டைமாடியில் கோபுரங்கள் கட்டினார்கள். நூற்றுக்கும் மேல் இன்னும் நிற்கின்றன. அவற்றில் தவீரா கோபுரத்தைத் தவறவிடாதீர்கள். மேலே இருட்டறையில், குழிவான வெள்ளைத் திரையில் நகரத்தின் நேரடிக் காட்சி அப்படியே அசைந்துகொண்டு விழும். மாடியில் காயும் துணி படபடப்பதுகூடத் தெரியும். வெளிவெளிச்சத்தைத் திரையில் விழவைப்பது முகம்பார்க்கும் கண்ணாடியும் வில்லைகளும் மட்டும்தான் என்பதால் மேகமூட்டத்தில் படம் மங்கிவிடும். வெயில் ஏறியபின் போங்கள். குழு குழுவாகத்தான் விடுவார்கள், நேரத்தை முன்பே பதிவுசெய்யுங்கள்.

ஆனால் சுமார் 170 படி, லிஃப்ட் கிடையாது. அம்மா கீழே பேராலயத்தைப் பார்க்கலாம். 1722இல் தொடங்கி 1838இல்தான் முடிந்த கட்டடம். மேலே போகப் போகக் கல்லின் நிறம் மாறுவதைக் காட்டுங்கள்.

மதியச் சாப்பாடு 1 மணிக்கு மேல்தான். அதன்பின் லா கலேத்தா கடற்கரை. 4 மணிக்குத் திரும்பிவிடுங்கள்.