கிழக்குத் தீமோர் முதன்முதலில் எந்த ஒலிம்பிக்கில் பங்கேற்றது: 2000 சிட்னியா, 2004 ஏதென்ஸா?

தனி நாடாக, தன் கொடியின் கீழ்ப் பங்கேற்றது 2004 ஏதென்ஸில்தான். ஆனால் அந்நாட்டு வீரர்கள் 2000 ஆம் ஆண்டிலேயே சிட்னியில் களமிறங்கிவிட்டதால் இந்தக் குழப்பம் எழுகிறது.

1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் மக்கள் இந்தோனேசியாவிலிருந்து பிரிய முடிவு செய்ததைத் தொடர்ந்து மூண்ட வன்முறையில் நாட்டின் பெரும்பகுதி எரிக்கப்பட்டது, பின்னர் ஐ.நா. நிர்வாகத்தின் கீழ் இருந்த அந்நிலத்திற்கு அப்போது அங்கீகரிக்கப்பட்ட ஒலிம்பிக் குழு இல்லாததால், நான்கு வீரர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ்ச் சுயேச்சை வீரர்களாகவே சிட்னிக்கு அழைக்கப்பட்டனர். இருவர் மாரத்தான் ஓட்டத்திலும், ஒருவர் பளுதூக்குதலிலும், ஒருவர் குத்துச்சண்டையிலும் போட்டியிட்டனர்.

அவர்களுள் அகிடா அமரால் என்ற பெண்மணியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மாரத்தான் ஓட்டத்தில் அரங்கினுள் நுழைந்ததும் பந்தயம் முடிந்துவிட்டதாக எண்ணி மண்டியிட்டு வணங்கிய அவர், இன்னும் ஒரு சுற்று எஞ்சியுள்ளதை அறிந்து எழுந்து ஓடி, 43ஆவதாக முடித்தார். பதக்கப் பட்டியலில் இடம்பெறாத இந்த ஓட்டத்தையே அந்த ஒலிம்பிக்கின் உயர்ந்த தருணங்களுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

2002 மே 20 அன்று விடுதலை பெற்ற அந்நாடு, அதே ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அறிமுகமானது. ஏதென்ஸுக்குச் சென்ற இருவருமே மாரத்தான் வீரர்கள்; அவர்களுள் ஒருவர் அகிடா அமரால்.