கேளுங்கள், சொல்கிறேன்: திருவுளச்சீட்டும் ஆராய்ச்சியும்

எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காகக் கோட்டையூரில் மகளிர் குழுவில் இருக்கும் 60 பேரிடமும், குழுவே இல்லாத பக்கத்து ஊரில் 60 பேரிடமும் கேள்வித்தாள் நிரப்பினேன். குழுவில் இருப்பவர்களுக்குத்தான் சேமிப்பு அதிகம். ஆனால் "குழுவால் சேமிப்பு கூடியது" என்ற வரியைக் கைடு அடித்துவிட்டார். என்ன தப்பு?
– மாணவி, காரைக்குடி

உங்கள் கைடு கட்சிதான் நானும். குழுவில் யார் சேர்ந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாதாமாதம் பணம் கட்டிவிட முடியும் என்ற தைரியம் உள்ளவர், ஏற்கெனவே கடுகு டப்பாவில் அஞ்சும் பத்தும் போட்டு வைக்கிறவர், வீட்டுக்காரர் தடுக்காதவர். இவர்களெல்லாம் குழு இல்லாமலும் சேர்த்திருப்பார்கள். குழு அவர்களை மாற்றியதா, மாறத் தயாராக இருந்தவர்களே குழுவுக்கு வந்தார்களா என்பதை உங்கள் 120 தாளும் சொல்லாது.

இதற்கு ஒரே நேர்வழி, யாருக்குக் குழு, யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்குவது. கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்போமே, அதேதான். கறாரானவர், ஊதாரி, கடன்காரர், மாமியாருக்குப் பயந்தவர் என்று எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக விழுவார்கள், நீங்கள் கேள்வித்தாளில் கேட்க மறந்த குணங்கள் உட்பட. புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில், வயலின் ஒரு மூலையில் மண் வளமாகவும் இன்னொரு மூலையில் சோடையாகவும் இருப்பதைச் சமாளிக்கத்தான் எந்த உரம் எந்தப் பாத்திக்கு என்பதைக் குலுக்கல்முறைக்கு விட்டார். மனிதர்களை ஆராய்கிறவர்கள் அதை அப்புறம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. அடுத்த முறை நீங்களே சீட்டுப் போட்டாலும், ஒரே தெருவில் ஒருவரைக் குழுவில் சேர்த்து அடுத்த வீட்டுக்காரரை விட்டால் ரெண்டு நாளில் கதை தெருவெல்லாம் பரவி ஒப்பீடே கெட்டுவிடும், அதனால் ஊர் ஊராகத்தான் குலுக்க வேண்டும். ஊர் ஊராகக் குலுக்கினால் உங்கள் கணக்கு 120 இல்லை, வெறும் 2. நகரத்தார் கோயில் கணக்கில் பிள்ளைகள் எத்தனை இருந்தாலும் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளிதானே? அந்த மாதிரி, சீட்டு எதற்கு விழுந்ததோ அதுதான் புள்ளி. ரெண்டு புள்ளியை வைத்து ஒன்றும் பேச முடியாது.

இப்போதைக்கு "தொடர்பு தெரிகிறது" என்று எழுதி வைவாவை முடியுங்கள். முடிந்தால் குழுவில் சேர்வதற்கு முந்தின சேமிப்பையும் போய்க் கேட்டு வாருங்கள்.

என் பேரன் ஆராய்ச்சி என்று சொல்லி ஏதோ உதவியை ஒரு ஊருக்குக் கொடுத்து இன்னொரு ஊருக்குக் கொடுக்காமல் விடப் போகிறானாம். பாவமில்லையா?
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

சில நேரம் பாவம்தான் ஆச்சி. எல்லாருக்கும் போதுமான சரக்கு கையில் இருந்து, அது நல்லது என்றும் தெரிந்திருந்தால், ஆராய்ச்சிக்காக ஒருவருக்கு மறுப்பது அநியாயம். ஆனால் பெரும்பாலும் சரக்கு பத்தாது. யாரோ காத்திருக்கத்தான் வேண்டும், சீட்டு இல்லாவிட்டால் சிபாரிசு இல்லாதவர்கள் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். கென்யாவில் குடற்புழு மாத்திரை கொடுத்தபோது 75 பள்ளிகளை 25, 25ஆகப் பிரித்து 1998, 1999, 2001 என்று வரிசையாகக் கொடுத்தார்கள். எந்தப் பள்ளியும் விடுபடவில்லை, பின்னால் வந்த பள்ளிகளே அதுவரைக்கும் ஒப்பீட்டுக் குழு.

ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் 134 கிராமங்களில் இன்னொன்று நடந்தது. சில ஊரில் தவறாமல் தடுப்பூசி முகாம், சில ஊரில் முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள், மீதி ஊர்களில் வழக்கமான அரசு சுகாதார நிலையம் மட்டும். முழுசாக ஊசி போட்ட குழந்தைகள் வழக்கமான ஊர்களில் 6 சதவீதம், முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18, பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. இதில் பங்கெடுத்த அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டஃப்ளோவுக்கும், கென்யா வேலையைச் செய்த மைக்கேல் கிரெமருக்கும் சேர்த்து 2019ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

அதற்காக நாளைக்கே காரைக்குடியில் பருப்பு மூட்டை இறக்கக் கூடாது. இங்கே தாய்மார்கள் ஏற்கெனவே ஊசி போட வந்துவிடுகிறார்கள், பருப்புச் செலவுதான் மிஞ்சும். ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்கும் என்று சோதனை தானாகச் சொல்லாது என்று 2015ல் அதே நோபல் வாங்கிய ஆங்கஸ் டீட்டனும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பேரனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த ஊர் ஜனங்களிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கினானா? இல்லை என்றால் நீங்களே ரெண்டு போடலாம்.

குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். சாயங்காலம் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போடலாமா?
– தேவகோட்டை வாசகி

அவசரப்படாதீர்கள். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் 10 காப்பகங்களை எடுத்து, 6 இடத்தில் மட்டும் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடிவிட்டது! அதுவரை டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், காசு கட்டியாச்சு, இனி என்ன என்று நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் திரும்பி வரவில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் எப்படியோ, ஆனால் எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதைச் சோதனை முறையில் ஆராய முடியுமா?
– கானாடுகாத்தான் வாசகர்

முடியாது. நகரத்தார் தொழில் செய்துவந்த பர்மாவுக்குள் 1942ல் ஜப்பான் படை வந்ததை யார் சீட்டுப் போட்டு மறுபடி நடத்துவது? பர்மாவில் போட்ட பணம் மாட்டிக்கொண்ட குடும்பத்தையும் இலங்கையில் கடை வைத்திருந்த குடும்பத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் யார் எந்தக் கப்பல் ஏறுவது என்று திருவுளச்சீட்டா போட்டார்கள், மாமனும் மச்சானும் எங்கே இருந்தார்களோ அங்கே போனார்கள். அதனால் இதற்குப் பேரேடு, ஐந்தொகை என்ற பழைய கணக்குகள்தான் சாட்சி. பரணில் ஏறிப் பாருங்கள், கறையான் விட்டு வைத்திருந்தால்.