சுவிட்சுக்கு வண்ணம் பூசினேன், ஹாரன் நின்றுவிட்டது

கேள்வி: என் தந்தை ஓட்டிய 1985ஆம் ஆண்டு ராஜ்தூத் 350 பைக் என்னிடம் உள்ளது. இடப்புற சுவிட்ச் வெளுத்திருந்ததால், அதை ஹேண்டில் பாருடன் சேர்த்துக் கறுப்பு பவுடர் கோட்டிங் செய்யக் கொடுத்தேன். திரும்பப் பொருத்தியதிலிருந்து ஹாரன் ஒலிக்கவில்லை. எழுத்துகள் மழுங்கிவிட்டன, இண்டிகேட்டர் விசை இறுகிவிட்டது. ஹெட்லைட் முன்பிருந்தே மங்கல்தான். மெக்கானிக் சொன்னதால் புது ஹாரன் மாட்டியும் பயனில்லை. 9,000 ரூபாய்க்கு 'ஒரிஜினல்' சுவிட்ச் செட் தருவதாக ஒருவர் சொல்கிறார். அடுத்த மாதம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். வலப்புற சுவிட்சையும் கோட்டிங்குக்குக் கொடுக்கலாமா?

பதில்: சுவிட்ச் செட் வாங்க வேண்டாம். வலப்புற சுவிட்சைக் கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய உட்புறப் படத்தில் ஹாரன் பொத்தானுக்கு பிங்க் நிறத்தில் ஒரே ஒரு கம்பிதான் வருகிறது. உங்கள் சிக்கலுக்கான விடை அதிலேயே இருக்கிறது.

மின்சாரம் போவதற்கு ஒரு வழி வேண்டும், திரும்பி வருவதற்கு ஒரு வழி வேண்டும். உங்கள் ராஜ்தூத் போன்ற, அந்தக் காலத்து ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில், ஹாரனிலிருந்து வரும் கம்பி பொத்தானில் முடிந்துவிடும். பொத்தானை அழுத்தும்போது மின்சாரம் சுவிட்சின் அலுமினிய உடல் வழியாக ஹேண்டில் பாருக்கும், அங்கிருந்து சேசிஸ் வழியாக பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் போய்ச் சேரும். இதைத்தான் 'பாடி எர்த்' என்கிறோம். உங்கள் வண்டியில் சுவிட்சின் உள்பக்கத்திலும், அது கவ்வும் ஹேண்டில் பாரின் மேலும் இப்போது பவுடர் கோட்டிங் ஏறியிருக்கிறது. தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் அந்தப் பிளாஸ்டிக் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. திரும்பும் வழி அடைபட்டுவிட்டதால், நூறு ஹாரன் மாற்றினாலும் ஒலிக்காது.

சோதிப்பது எளிது. சாவியை ஆன் செய்து, ஒரு கம்பியின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, மறு முனையைச் சுவிட்சின் உள்ளே, பொத்தானின் தகட்டைப் பிடித்திருக்கும் திருகின் மேல் தொட்டபடி பொத்தானை அழுத்துங்கள். ஹாரன் ஒலித்தால் நான் சொன்னதேதான். சுவிட்சின் உள்வளைவிலும், அந்தத் தகடு உட்காரும் இடத்திலும், சுவிட்சுக்கு அடியில் மறையும் பார் பகுதியிலும் பூச்சை உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்தெடுங்கள். இதைவிட உறுதியானது, அந்தத் திருகிலிருந்து மெல்லிய கறுப்புக் கம்பி ஒன்றை ஹெட்லைட் கூட்டுக்குள் கொண்டுபோய், ஏற்கெனவே எர்த் கம்பிகள் சேரும் இடத்தில் இணைத்துவிடுவது. வெளியில் தெரியாது, செலவும் இல்லை.

பவுடர் கோட்டிங் கடைக்காரர்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. சேசிஸுக்கும் சென்டர் ஸ்டாண்டுக்கும் அது அருமையான பூச்சு. சுவிட்ச் போன்ற நுட்பமான பொருளுக்கு அது எமன். பூச்சின் தடிமன் 60 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும், பொறித்த எழுத்துகளின் பள்ளம் நிரம்பிவிடும், விசை நகரும் துளையின் ஓரம் தடித்துவிடும். உங்கள் இண்டிகேட்டர் விசை இறுகியது அதனால்தான். இதைவிடப் பெரிய ஆபத்து, பழைய பெயிண்டை உரிக்கச் சில கடைகளில் வைத்திருக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டி. இரும்புக்கு அது ஒன்றும் செய்யாது. அலுமினியத்தையோ கொப்புளித்துக் கொப்புளித்துத் தின்றுவிடும். ஒருமுறை என்னிடம் வந்த சுவிட்ச் மூடியில் திருகுக்கான மரையே மிச்சமில்லை. 'கெமிக்கல்ல போட்டு எடுத்துடலாம் சார்' என்று யாராவது சொன்னால், எந்தக் கெமிக்கல் என்று கேளுங்கள்; பதில் வரவில்லை என்றால் பொருளைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இந்தப் பூச்சை நீங்களே எடுக்கலாம். உள்ளே இருப்பவற்றையெல்லாம் முதலில் கழற்றிவிட வேண்டும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் களி போன்ற ரிமூவரைக் காற்றோட்டமான இடத்தில், ரப்பர் கையுறை அணிந்து, உலோகப் பகுதியில் மட்டும் தடவி, பூச்சு உப்பியதும் பல் குத்தும் குச்சியால் எழுத்துப் பள்ளங்களைத் தோண்டி எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். மணல் வீச்சுக்கு (சாண்ட் பிளாஸ்டிங்) கொடுத்துவிடாதீர்கள், எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். பிறகு கிரீஸ் பிசுக்கு இல்லாமல் கழுவி, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமரை மெல்லிய ஒரு கோட்டும், அதன்மேல் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே வகை அரைப் பளபளப்புக் கறுப்பை மெல்லிய இரண்டு கோட்டும் அடிக்கச் சொல்லுங்கள். சாதாரண பிரைமர் அலுமினியத்தில் நிற்காது. கைவியர்வை பட்டுப் பட்டு ஒரே கோடையில் உரிந்துவிடும். உள்பக்கத்தையும் இரு பாதிகள் சேரும் விளிம்பையும் டேப் ஒட்டி மறைக்க மறந்தால், இந்தக் கதை முதலிலிருந்து தொடங்கும்.

எழுத்துக்கு வெள்ளை எனாமல் போதும். கறுப்பு நன்றாக இறுக ஒரு வாரம் விட்டு, பள்ளத்தில் எனாமலை நிரப்பி, சிறிது உலர்ந்ததும், தடித்த அட்டையில் துணியைச் சுற்றி, டர்பன்டைனில் ஈரப்படுத்திப் பள்ளத்துக்கு மேலாக ஒரே திசையில் துடைத்தால், மேலே பட்டது போய் உள்ளே இருப்பது நிற்கும். விரலில் துணி சுற்றித் துடைத்தால் விரல் பள்ளத்துக்குள் அமுங்கி எல்லாவற்றையும் வழித்துவிடும். வெள்ளை நெயில் பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

இப்போது வலப்புற சுவிட்ச். நீங்கள் அனுப்பிய படத்தில், ஓரங்களில் அலுமினியம் தெரிகிறதே தவிர, முகப்பில் தொழிற்சாலைப் பூச்சும் எழுத்தும் அப்படியே இருக்கின்றன. இப்படி முக்கால்வாசிக்கு மேல் பழைய பூச்சு நிற்கும் சுவிட்சுக்குப் பெயிண்டே அடிக்கக் கூடாது. இடப்புறம் புதிதாகவும் வலப்புறம் பழையதாகவும் இருந்தால் பார்க்க நன்றாயிராதே என்று கேட்பீர்கள். நாற்பது ஆண்டுகளாக உங்கள் தந்தையின் பெருவிரல் தேய்த்துத் தேய்த்து வந்த வழுவழுப்பு அது, எந்தப் பெயிண்டரும் அதைத் திருப்பித் தர மாட்டார். அதோடு, பழைய வண்டியை மதிப்பறிந்து வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும் இத்தகைய தொடாத பாகங்களைத்தான். சோப்புநீரில் நனைத்த பல்துலக்கியால் அழுக்கை எடுத்து, துளி மெழுகு பாலிஷ் தடவி விட்டுவிடுங்கள். ஓரங்கள் உறுத்தினால், மெல்லிய தூரிகையால் அந்த ஓரத்தை மட்டும் தொட்டுவிடலாம். முகப்பைத் தொடாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

ஹெட்லைட் மங்குவது சுவிட்சுக்குள் இருக்கும் தொடுமுனைகளில் ஏறிய பச்சைக் களிம்பால் இருக்கலாம். 12 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். களிம்பினால் சுவிட்சில் அரை ஓம் தடை சேர்ந்தால்கூட ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் அங்கேயே தங்கிவிடும், வெளிச்சம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். சுவிட்சைப் பிரிக்கும்போது ஒரு வெளிப்படையான பாலித்தீன் பைக்குள் கையை விட்டுப் பிரியுங்கள், ஏனென்றால் விசைக்கு அடியில் ஸ்பிரிங்கும் மிளகு அளவு எஃகுக் குண்டும் இருக்கும். அது தெறித்து ஓடினால் பிறகு கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். இறுகிய பழைய கிரீஸைத் துடைத்து, பித்தளை முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் கான்டாக்ட் கிளீனரைத் தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்த 9,000 ரூபாய் செட்டைப் பற்றி. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் உண்மையான பழைய பொருள் அகப்படும், மறுக்கவில்லை. ஆனால் 'தொழிற்சாலை அட்டைப்பெட்டியோடு ஒரே ஒரு செட்தான் சார் இருக்கு' என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்களிடம் அந்த ஒரே செட் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. எழுத்து பொறிக்கப்படாமல் அச்சிடப்பட்டிருந்தாலோ, பிங்க், மஞ்சள், பச்சை என வரவேண்டிய கம்பிகள் வேறு நிறத்தில் வந்தாலோ அது நகல். அதைப் பொருத்தினால் வயரிங்கை வெட்டி ஒட்ட வேண்டிவரும், அப்புறம் எந்த மெக்கானிக்கும் அந்த வண்டியைத் தொட யோசிப்பார்.

ஆர்.சி. புதுப்பிப்புக்கு வருவோம். 2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத்தான் 'விண்டேஜ்' தகுதியும் 'வி.ஏ.' வரிசை எண்ணும். உங்கள் வண்டி நடுவில் மாட்டிக்கொண்ட வயது. பாகம் கிடைக்காது, சலுகையும் கிடையாது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மற்ற பழைய ஸ்கூட்டர்களுக்குச் சமமாக வரிசையில் நின்று ஹாரன் அடித்துக் காட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கர், ஹாரன் இல்லாமலே முடித்துத் தருவதாகச் சொல்வார். அந்தப் பணத்தில் இரண்டு மல்டிமீட்டர் வாங்கலாம்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை எர்த் கம்பியை மட்டும் போடுங்கள், முடிந்தால் தொடுமுனைகளையும் துடைத்துவிடுங்கள். வண்ண வேலையை ஆர்.சி. கைக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். கழற்றிய பழைய ஹாரனைக் காயலான் கடையில் போட்டிராவிட்டால் அதையே திரும்ப மாட்டிப் பாருங்கள். கோட்டிங்குக்குக் கொடுக்கும் நாள்வரை ஒலித்துக்கொண்டிருந்த ஹாரன்தானே அது.